கைப்பலகையில் தமிழ் ஏறிய கதை

"இந்தக் கருவியில் இன்ன வசதியும் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்று ஒருமுறையேனும் எண்ணாதவர் இருக்க முடியாது. மிதிவண்டியில் பின்இருக்கை இல்லையென்றால் பட்டறைக்குப் போய்ப் பற்றவைத்துக்கொள்கிறோம். ஆனால் இன்று மாணவர் கைகளிலும் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கைகளிலும் காணப்படும் பலகைக் கணிப்பொறி, அதாவது நாம் 'டேப்' என்று சுருக்கி அழைக்கும் கருவி, இந்த வகையைச் சேர்ந்ததன்று. அதன் வசதிகளில் பெரும்பாலானவை இயக்க அமைப்பு எனப்படும் அடிப்படை நிரலில் அடங்கியுள்ளன. அந்நிரலை எழுதிய நிறுவனம் அடுத்த பதிப்பில் கொடுத்தால் உண்டு; இல்லையேல் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பு வருமுன் வெளிநாட்டு இதழ்கள் விருப்பப் பட்டியல்களை வெளியிடுவது வழக்கம். திரையை இரண்டாகப் பிரிக்க வேண்டும், கோப்புகளை எளிதில் கையாள வேண்டும் என்றெல்லாம் அவற்றில் இருக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடில் கணக்கிடும் கருவி ஒன்று வேண்டும் என்பதும் பல்லாண்டுகள் அப்பட்டியலில் இருந்தது. 2010இல் வெளிவந்த ஐபேடுக்கு அது 2024இல்தான் கிடைத்தது! ஆனால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர்ப் பகுதிகளில் இக்கருவியைப் பயன்படுத்துவோரின் விருப்பப் பட்டியல் வேறு. இங்கே ஒரு வீட்டிலேயே தமிழும் தெலுங்கும் பேசப்படும். சிப்காட் தொழிற்பேட்டையிலோ ஒரியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர்கள் நம்மவர்களுடன் சேர்ந்து உழைக்கின்றனர். ஆகவே இங்குள்ளோரின் முதல் விருப்பம், கருவி தம் மொழியை அறிய வேண்டும் என்பது. ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் நிறைவேறிய வரலாறு சுவையானது.

பலகைக் கணிப்பொறி என்ற கருத்தே ஒரு விருப்பமாகத்தான் பிறந்தது. 1972இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் பணியாற்றிய ஆலன் கே, சிறுவர்கள் கையில் எடுத்துச் செல்லத்தக்க கணிப்பொறி ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். அதற்கு 'டைனாபுக்' என்று பெயரிட்டார். எடை நான்கு பவுண்டுக்கும் குறைவு, விலை 500 டாலர் அளவில் என்பது அவர் கணக்கு. அறை முழுவதையும் கணிப்பொறி அடைத்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இவ்வழியில் நடந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது 'சிம்ப்யூட்டர்'. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனமும் கூடி உருவாக்கிய கையடக்கக் கருவி இது. இதன் முன்மாதிரி 2001இல் வெளிவந்தது. இயக்க அமைப்பு, யாரும் விலையின்றிப் பெறக்கூடிய லினக்ஸ். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக, திரையில் உள்ளதை இந்திய மொழிகளில் உரக்கப் படிக்கும் நிரலையும் சேர்த்தனர். அட்டை ஒன்றைச் செருகினால் கருவி அவருக்கு உரியதாகிவிடும், எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு. ஓர் ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கோர் அட்டை என்பது அவர்கள் திட்டம்.

2004இல் விற்பனைக்கு வந்த 'அமிடா' என்ற வகையில் முடுக்க உணரி ஒன்றும் இருந்தது. சின்னஞ்சிறு நிறை ஒன்றை வில் போன்ற அமைப்பில் தொங்கவிட்டால், கருவியைச் சாய்க்கும்போது புவியீர்ப்பினால் அது சற்றே இடம்பெயரும். அவ்விடப்பெயர்ச்சியை மின் அளவாக மாற்றிப் படிப்பதே இவ்வுணரியின் தத்துவம். கையை அசைத்துப் பக்கத்தைப் புரட்டும் இந்த ஏற்பாடு, ஐபோன் வெளிவருவதற்கு மூன்றாண்டுகள் முன்பே நம் நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் வாங்குவார் அதிகமில்லை. 50,000 கருவிகள் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் சுமார் 4,000தான் விற்றன. விருப்பத்தைச் சரியாக ஊகித்தவர்கள் அதற்குரிய சந்தையைப் பெறவில்லை என்பது என் கருத்து.

இனி மொழிக்கு வருவோம். தமிழ் எழுத்துகளைத் திரையில் காட்டுவதில் அப்படி என்ன கடினம் என்று கேட்கலாம். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். நாம் ஒலிக்கும்போது முதலில் ககர மெய், பிறகு ஒகரம். ஆனால் எழுதும்போது முதலில் கொம்பு, நடுவில் 'க', கடைசியில் கால். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முத்தையா போன்றோர் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் இது பெரிய தொல்லையாக இல்லை. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று விசைகளை அழுத்தினால் போதும். புள்ளி வைக்க, தாள் நகராமல் நிற்கும் விசை ஒன்றை அமைத்தனர்.

கணிப்பொறியில் இவ்வழி செல்லாது. அகரவரிசைப்படுத்தவும் சொல்லைத் தேடவும் ஒலி வரிசையே ஏற்றது. எனவே 1991இல் வெளியான யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில், 'கொ' என்பது இரண்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. ஒன்று 'க'வுக்கு, மற்றொன்று ஒகரக் குறிக்கு. திரையிலோ அவை மூன்று வடிவங்களாக வேண்டும்; அவற்றுள் ஒன்று 'க'வுக்கு முன்னால் தாவி வர வேண்டும்! இந்தத் தாவலைச் செய்பவர் யார்? எழுத்துருவும் அதைக் கையாளும் வடிவமைப்பு நிரலும் சேர்ந்து செய்கின்றன. அந்நிரல் இருப்பது இயக்க அமைப்புக்குள். அது இல்லையென்றால் கொம்பு பின்னால் தனியே நிற்கும். எழுத்துருவும் இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். செயலி எழுதுபவர் எவ்வளவு திறமைசாலியாயினும் தம் செயலிக்குள் மட்டுமே இக்குறையைத் தீர்க்க முடியும்.

மேசைக் கணிப்பொறிகளில் இக்குறை ஓரளவு தீர்ந்தது விண்டோஸ் 2000 பதிப்பில். 'லதா' என்ற தமிழ் எழுத்துரு அதனுடனேயே வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1999 பிப்ரவரியில், சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை உருவாயிற்று. இதில் தட்டச்சுப் பொறியின் வரிசை கைவிடப்பட்டது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'க'வை இருமுறை தட்டினால் முதற் ககரத்துக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகும். 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கியது. பழகிப் பார்த்தவர்கள் இதை விடமாட்டார்கள்.

ஆனால் கையடக்கக் கருவிகள் வந்தபோது கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. 2011ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூரை அடுத்த காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் அமைப்பும் அக்கணினிகளில் இடம்பெற்றது. தமிழில் படிக்கவும் எழுதவும் அவற்றில் தடையில்லை. சரியாக இருபது நாள் கழித்து, அக்டோபர் 5ஆம் நாள், தில்லியில் 'ஆகாஷ்' என்ற மலிவுப் பலகைக் கணிப்பொறியை மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலகம், ஆண்டிராய்டு 2.2 பதிப்பு. அப்பதிப்பின் பொது வடிவில் இந்திய மொழி எழுத்துருக்கள் இல்லை. இந்திய மாணவருக்கென்றே செய்த கருவி இந்திய மொழிகளை அறியாத இயக்க அமைப்பின்மேல் அமர்ந்திருந்தது.

அக்காலத்தில் மக்கள் கையாண்ட தந்திரம் ஒன்று உண்டு. ஓப்பரா மினி என்ற உலாவியில் ஓர் அமைப்பை மாற்றினால், தொலைவிலுள்ள கணிப்பொறி தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். இயக்க அமைப்புக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. படம் காட்டத் தெரிந்தால் போதும்!

ஐபேடில் நிலைமை வேறு விதம். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985 முதல் 'முரசு' என்ற தமிழ்ச் செயலியை வளர்த்து வந்தவர். அவர் வடித்த எழுத்துருக்களையே ஆப்பிள் தன் கருவிகளில் சேர்த்துக்கொண்டது. ஆனால் படிக்க முடிந்ததேயன்றி எழுத விசைப்பலகை இல்லை. அவரது 'செல்லினம்' செயலிக்குள் எழுதி, வெட்டியெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. 2013 செப்டம்பரில் வந்த ஏழாம் பதிப்பில்தான் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுறைகளும் இயக்க அமைப்பிலேயே இடம்பெற்றன. 2014இல் ஆண்டிராய்டு 5.0, பட்டியல்களும் கட்டளைகளும் உட்படத் தமிழில் பேசத் தொடங்கியது. ஐபேடின் கட்டளைகள் தமிழாவதற்கு 2025இல் வெளிவந்த 18.4 பதிப்பு வரை, அதாவது பதினைந்து ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

பகிர்ந்துகொள்ளும் விருப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012 நவம்பரில் வந்த ஆண்டிராய்டு 4.2, பலகைக் கணிப்பொறிகளில் ஒன்றுக்கு மேற்பட்டோர் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ள இடங்கொடுத்தது. ஆப்பிள் 2016இல் இவ்வசதியைப் பள்ளிகளுக்கு மட்டும் தந்தது, வீடுகளுக்குத் தரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி நினைவகம் ஒதுக்குவது செலவுதான். ஆயினும் வீட்டுக்கு ஒன்று விற்பதைவிட ஆளுக்கு ஒன்று விற்பது ஆதாயம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இங்குள்ள பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவி. அண்ணன் வகுப்பு முடிந்து, தம்பி வகுப்பும் முடிந்து, தங்கையின் முறை வரும்போது மின்கலம் தீர்ந்திருக்கும். அதற்குள் அவள் பாதி எழுதிவைத்த கணக்கை யாரோ அழித்தும் இருப்பார்கள். தனிக் கணக்கு என்பது அவ்வீடுகளில் ஆடம்பரமன்று.

இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கும் ஒரு விருப்பம் உண்டு. கரும்பலகையில் எழுதுவதுபோல், தமிழும் சமன்பாடும் கலந்து எழுதுகோலால் எழுத, கருவி அதனை அச்செழுத்தாக மாற்றித்தர வேண்டும். தமிழ்க் கையெழுத்தை அறியும் நிரலை கூகுள் 2015இலேயே, மொத்தம் 82 மொழிகளுக்கான தொகுப்பில் வெளியிட்டது. தனித்தமிழ் வரிகளை அது நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. வரியின் நடுவே ஒரு வர்க்கமூலக் குறி வந்தால்தான் திணறுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், எழுதுகோல் பிடித்தவுடன் நாம் மீண்டும் கொம்பைத்தான் முதலில் போடுகிறோம். அடுத்து வரப்போவது 'க'வா 'த'வா, கடைசியில் கால் உண்டா இல்லையா என்பது தெரியும்வரை கருவி எழுத்தை முடிவு செய்யாமல் காத்திருக்கிறது. பிறகு முழு எழுத்தையும் பார்த்து, ஒலி வரிசைக்குத் திருப்பி, இரண்டு எண்களாகச் சேமித்துக்கொள்கிறது.