வடக்கன்குளத்துச் சுவர்



நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் தெரியும். ஆடி மாதம் என்றால் பேருந்தின் சன்னலைத் திறந்துவைக்க முடியாது. அப்படி ஒரு காற்று. கணவாயைத் தாண்டி, காவல்கிணற்றுக்குப் பக்கத்தில், பனைகளுக்கு நடுவே இருக்கிறது வடக்கன்குளம். சிற்றூர்தான். ஆனால் தமிழகத் திருச்சபையின் பெருமையும் வெட்கமும் ஒரே இடத்தில் காணக்கிடைக்கும் ஊர் அது.

1680-இல் ஒரு நாடார் பெண்மணி திருமுழுக்குப் பெற்றதிலிருந்து அங்கே கிறிஸ்தவம் தொடங்குகிறது. அவர் பனையேறும் மக்களைச் சேர்ந்தவர். பிறகு வேளாளர்களும் வந்தார்கள். 1745 மே 14 அன்று திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டன் இந்த ஊரைத் தேடி வந்தார். திருவிதாங்கூர் எல்லைக்குள் அவர் மதம் மாறுவது ஆபத்து. அதனால் டச்சுத் தளபதி டிலனாய் அவரைக் கணவாய்க்கு இந்தப்பக்கம், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பிவைத்தார். லாசர் என்ற பெயரோடு, நம் மொழியில் தேவசகாயமாக, அவர் திரும்பிப் போனார். அவருடைய துணைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ ஆனார். தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். அவர்மேல் சுமத்தப்பட்ட குறைகளில் அதுவும் ஒன்று. 1752-இல் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த அதே ஊரில், நூறாண்டு கழித்து என்ன நடந்தது தெரியுமா?

1870-களில் புது ஆலயம் எழும்பியது. நீண்ட கூடங்கள் இரண்டு, கால்சட்டையின் இரு கால்களைப்போல விரிந்து, ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒரு கூடம் பிள்ளைமார், முதலிமாருக்கு, மற்றது நாடார்களுக்கு. நடுவே சுவர். இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. திருப்பலி ஒன்று, குரு ஒருவர், நற்கருணை ஒன்று. வாசல் மட்டும் வேறு வேறு.

அதைக் கட்டிய குருக்களைக் குறைசொல்வது எளிது. இரு சாதியாரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர அவர்களுக்கு வேறு வழி தோன்றவில்லை என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கலாம். ஆனாலும் சண்டை தீரட்டும் என்று எழுப்பிய சுவர், சண்டையையே கல்லும் சுண்ணாம்புமாக நிலைக்க வைத்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தச் சுவரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் கோயிலின் ஓர் அங்கம்தானே!

1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. ஊர் கொதித்தது. பிள்ளைமாரும் முதலிமாரும் திருச்சி ஆயரை எதிராளியாக்கி நீதிமன்றம் போனார்கள். ஆலயத்தில் தங்களுக்குத் தனியுரிமை உண்டு, சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பது வழக்கு. அது சென்னை உயர்நீதிமன்றம் வரை ஏறியது. தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. சாதித் தீட்டை வைத்துக் கிறிஸ்தவர் ஒருவர் தம் ஆலயத்தில் உரிமை கோர முடியாது என்றாகிவிட்டது. எபேசியருக்குப் பவுலடிகளார் எழுதிய மடலை நாம் எத்தனை ஞாயிறு வாசித்திருப்போம்! பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து தகர்த்துவிட்டார் என்பதை நமக்கு நினைவூட்ட நீதிபதிகள் வரவேண்டியிருந்தது.

சுவர் போன பிறகு மனங்கள் உடனே ஒன்றாகிவிட்டன என்று சொல்ல மாட்டேன். நம் பங்குகளிலேயே கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, தேர்ப்பவனியில் தனித் தெரு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததா?

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்ற பட்டம் அளித்தபோது, அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை. அந்தச் சாதிப் பெயர் வேண்டாம் என்று நம்மவர் சிலர் உரோமைக்கு எழுதினார்கள். உரோமை அதை ஏற்றது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளார் கொடுத்த பெயர் மட்டுமே வாசிக்கப்பட்டது.