கெடாவின் வழித்தடங்களும் தோட்டப் பொருளாதாரமும்

கடாரம் என்றதும் தமிழருக்கு 1025ஆம் ஆண்டும் ராஜேந்திர சோழனின் கப்பற்படையும்தான் நினைவுக்கு வரும். மலேசியாவின் வடமேற்கிலுள்ள கெடாதான் அந்தக் கடாரம். அதன் நவீனப் பொருளாதாரமோ ஒரு கால்வாயிலிருந்து தொடங்குகிறது. கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான், அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை ஏறத்தாழ 36 கி.மீ. நீளக் கால்வாயை 1885இல் வெட்டத் தொடங்கினார். இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு நேர்கோடு பிடித்தார்கள் என்பது ஊர்வழக்கு. 1896இல் வேலை முடிந்தது. சதுப்பு நிலம் வயலானது. நெல் படகில் போனது.

தெற்குக் கெடாவின் கதை வேறு. அங்கே விளைந்தது நெல்லன்று, பால்மரம். 1909 ஆங்கிலோ–சயாம் ஒப்பந்தப்படி சயாம் (இன்றைய தாய்லாந்து) கெடாவைப் பிரிட்டிஷாரிடம் விட்டுக்கொடுத்தது. அதையடுத்து கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நடுவது வேகம் பிடித்தது. தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி அழைத்து வந்தார்கள். பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டம் போன்ற பெருந்தோட்டங்கள் எழுந்தன.

தோட்டம் பெருகியதும் ஆற்றுவழி போதவில்லை. பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பிறையிலிருந்து வந்த மீட்டர்பாதை இரயில் சுங்கைப்பட்டாணி வழியாக 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918இல் பாடாங் பெசாரில் சயாம் இரயிலோடு இணைந்தது. மலாயா இரயில்வேயில் தண்டவாள வேலை பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழருடையது. அலுவலக நாற்காலிகளில் யாழ்ப்பாணத் தமிழர் நிறையப் பேர். தோட்டத்தில் உலர்த்திய ரப்பர் தாள் பினாங்கில் கப்பலேறியது. ஆனால் அதே தோட்டத்தின் தொழிலாளர் லயத்திலிருந்து டவுனுக்குச் செம்மண் பாதைதான். மழைக்காலத்தில் அதுவும் சேறு.

இரயில் துறைமுகத்துக்கே உழைத்தது கெடாவில் மட்டும் நேர்ந்ததன்று. 1896இல் தொடங்கி 1901இல் விக்டோரியா ஏரியைத் தொட்ட உகாண்டா இரயில்பாதையும் உள்நாட்டு விளைச்சலை மொம்பாசா துறைமுகத்துக்கு இறக்கவே பயன்பட்டது. அதைப் போட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அண்டைப் பட்டணங்களை இணைப்பதைவிடத் துறைமுகத்தை எட்டுவதே ஆப்பிரிக்கக் காலனி இரயில்களில் பலவற்றின் நோக்கம். 2017இல் கென்யா திறந்த புதிய பாதையும் மொம்பாசாவிலிருந்தே புறப்படுகிறது.

கெடா இரயிலின் வடக்கு நோக்கிய இணைப்பு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேறொன்றுக்கு உதவியது. 415 கி.மீ. தாய்லாந்து–பர்மா இரயில்பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோரை, பெரும்பாலும் தமிழரை, சரக்குப் பெட்டிகளில் அடைத்துப் பாடாங் பெசார் வழியே அனுப்பினார்கள். மலேரியாவும் காலராவும் பசியும் அவர்களில் ஏராளமானோரைத் தின்றன. கெடாவில் போட்ட எந்தத் தண்டவாளத்தின் கணக்கை எழுதினாலும் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

விடுதலைக்குப் பின் அரசின் பெருமுதலீடு முதலில் நெல்லுக்கே போனது. உலக வங்கிக் கடனுடன் கட்டிய மூடா, பெடு அணைகள் 1970 வாக்கில் ஏறத்தாழ 96,000 ஹெக்டேரில் இரண்டாம் போகத்துக்கு வழிசெய்தன. தோட்டங்களோ 1950களிலிருந்து துண்டு துண்டாக விலைபோயின. எஞ்சியவற்றில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை ஏறியது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் சாலை, மின்சாரம், குடிநீர் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே கிடந்தன. லயங்களுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் தருவதை முதலாளியின் கடமையாக்கிய குடியிருப்புச் சட்டம் 1990இல்தான் வந்தது. அதற்குள் பினாங்குப் பாலத்துக்கே ஐந்து வயது.

1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்டெல், இன்பினியோன் போன்ற நிறுவனங்கள் அங்கே ஆலை வைத்தன. 2024 ஆகஸ்டில் இன்பினியோன் சிலிக்கான் கார்பைடு சில்லு ஆலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. பழைய மீட்டர்பாதை 2014இல் இரட்டைத்தட மின்பாதையானது. மறு ஆண்டு முதல் மின்தொடர்வண்டி பாடாங் பெசார் வரை ஓடுகிறது. ஒருகாலத்தில் காடழித்து ரப்பர் நட்ட பீடோங் வட்டாரத்தில், செமிலிங்கில், இன்று மலேசிய இந்தியர் காங்கிரசின் கல்வி அமைப்பு நிறுவிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவமும் பொறியியலும் கற்பிக்கிறது.