தாரசியும் வட்டாரமும்

பெங்களூரில் மொட்டை மாடிக்குக் கன்னடத்தில் 'தாரசி' என்று பெயர். மாடித் தோட்டம் அங்கே 'தாரசி தோட்டா'. பரம்பரைக் கன்னடச் சொல் போல ஒலித்தாலும் அது டெரஸ்தான். டெரஸ் நம் வாயிலும் வந்து போகிறது, ஆனால் இப்படி உருமாறிக் குடியேறவில்லை. மெத்தை, மட்டப்பா, தட்டட்டி என்று ஊருக்கு ஒரு பெயர் இங்கே ஏற்கெனவே இருந்ததே.

இலத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன டெரஸ், முதலில் மண் கொட்டி உயர்த்திய மேடு. தட்டைக் கூரை என்ற பொருளும் அதோடு ஒட்டிக்கொண்டது. 1768இல் லண்டன் தேம்ஸ் கரையில் ராபர்ட் ஆடம் சகோதரர்கள் அடெல்ஃபி கட்டடங்களைத் தொடங்கினார்கள். வளைவுகள் தாங்கிய மேடை, அதன்மேல் தோளோடு தோள் ஒட்டிய வீட்டு வரிசை. பெயர் ராயல் டெரஸ். மேடையின் பெயர் வீடுகளுக்கு இடம் மாறியது. பக்கச்சுவர் பொது, முகப்பு ஒரே மாதிரி, மேலே போகப்போகக் குட்டையாகும் சன்னல்கள். இங்கிலாந்தின் நாலு ஜார்ஜ் மன்னர்கள் காலத்துக் கட்டடம் என்றாலே நினைவுக்கு வருவது இந்த வரிசைதான். எட்ட நின்று பார்த்தால் ஒரே அரண்மனை. கதவைத் தட்டினால் தனித்தனிக் குடும்பம். கெட்டிக்காரத்தனமான பகட்டு!

மூன்றாம் ஜார்ஜ் ஆட்சியிலேயே, 1809இல், பெங்களூரில் ஆங்கிலேயரின் படைக் குடியிருப்பான கண்டோன்மென்ட் வந்தது. கன்னடக்காரர்களுக்கு அது 'தண்டு'. லண்டனில் பக்கத்து வீட்டாரோடு சுவரைப் பகிர்ந்துகொண்ட துரைக்கு இங்கே அந்த நெருக்கடி இல்லை. நிலம் கிடைத்தது, நடுவில் பங்களா, சுற்றிலும் தோட்டம், காம்பவுண்டுச் சுவர். வரிசை வீடு என்ற பொருளுக்கு வேலையில்லாமல் போக, கூரை என்ற பொருள் மட்டும் பிழைத்தது.

அந்தக் கூரைக்குக் கட்டடக்காரர்கள் வைத்த பெயர் மெட்ராஸ் டெரஸ். பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியும்: தேக்குக் கட்டைகள், அவற்றுக்கு மேல் குறுக்குச்சாய்வாக நெருக்கி அடுக்கிய, அச்சுக்கல் என்னும் சின்னஞ்சிறு செங்கற்கள். ஒவ்வொரு கல்லும் பக்கவாட்டில், செங்குத்தாக நிற்கும். கீழே பலகை முட்டுக் கிடையாது. கொத்தனார் ஒரு மூலையில் ஆரம்பித்து, முந்தின வரிசைச் சுண்ணாம்பின் பிடிப்பிலேயே அடுத்த வரிசையை நிறுத்திக்கொண்டு போவார். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இவ்வளவு உழைப்பு மேலே ஏறியிருக்கும்போது, பெயரும் அங்கேயே தங்கியதில் எனக்கு வியப்பில்லை.

அப்படியானால் வரிசை வீடு? துரைக்கு வேண்டாததைத் தொழிலாளியும் குமாஸ்தாவும் குடியிருந்து பழகினார்கள். கோலார் தங்கவயலில் அது 'லைன்'. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அதே ஆங்கிலச் சொல் தேய்ந்து 'லயம்' ஆயிற்று. இசையின் லயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருவல்லிக்கேணியில் 'ஸ்டோர்', மதுரையில் 'வளவு'.

பெங்களூரில் 'வட்டார'. டகரத்தில் மூச்சு கலந்து கன்னடர் சொல்லும் இந்தச் சொல்லுக்குச் சுற்றுப்புறம் என்றும் பொருள் உண்டு. நம் வட்டாரத்துக்கு நெருங்கிய சொந்தம் என்றே நினைக்கிறேன். முன்னால் வீட்டுக்காரர், உள்ளே நடைபாதையின் இரு பக்கமும் ஒற்றை அறையும் சமையலறையுமாகக் குடித்தனங்கள், பொதுக் குழாய், கோடியில் கழிப்பறை. லண்டன் வரிசை தெருவைப் பார்த்து நின்றது. இது தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடியிருப்பவர்களை ஒருவருக்கொருவர் எதிரெதிரே உட்கார வைத்தது. எந்த வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது எல்லோருக்கும் தெரியும், வாடகை பாக்கியும்தான்.