மின் கிதாரின் விசித்திர வடிவங்களும் கர்நாடக இசை மேடையும்

வீணைக்குக் குடம் வேண்டும், தம்புராவுக்கும் வேண்டும். தந்தியின் மெல்லிய அதிர்வைப் பெருக்கிக் காதுக்குக் கொண்டு சேர்ப்பது அந்தக் குடமே. திட மரத்தால் செய்யப்படும் மின் கிதாருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தந்திக்கு அடியில் உள்ள பிக்கப் என்னும் காந்தச் சுருள், உலோகத் தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. ஒலியைப் பெருக்கும் வேலையை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்கிறது. எனவே மரத்தை முக்கோணமாகவோ மின்னல் கீற்றாகவோ வெட்டினாலும் கிதார் ஒலிக்கும்.

இந்தச் சுதந்திரத்தைப் பெரிய அளவில் பயன்படுத்திப் பார்த்த நிறுவனம் அமெரிக்காவின் கிப்சன். 1958இல் அது ‘ஃபிளையிங் வி’, ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற இரு கிதார்களை வெளியிட்டது. முதலாவது அம்பின் முனை போன்றது. இரண்டாவது கோணலாக வெட்டிய பலகை போன்றது. இரண்டும் விலை போகவில்லை. ஓரிரு ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. ஆனால் ஆல்பர்ட் கிங் என்ற ப்ளூஸ் கலைஞர் வி வடிவக் கிதாரை விடாமல் வாசித்தார். அவர் இடக்கையர். இருபுறமும் ஒரே அளவில் அமைந்த வடிவமாதலால் தலைகீழாகப் பிடித்தாலும் அது கைக்குப் பொருந்தியது. பின்னர் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அதை ஏந்தினார். 1967இல் கிப்சன் அதை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் ஹெவி மெட்டல் குழுக்களின் அடையாளமாகவே அந்த வடிவம் ஆகிவிட்டது.

பார்வைக்கு ஈர்ப்பு, வாசிப்புக்கு? நின்று வாசிப்பவருக்கு வி வடிவத்தில் ஒரு நன்மை உண்டு. கழுத்தின் அடிப்பகுதியை மரம் மறைக்காததால் உச்ச சுரங்களுக்கான மெட்டுகளை விரல் எளிதில் எட்டும். உட்கார்ந்தால்தான் தொல்லை. வழக்கமான கிதாரின் இடுப்பு வளைவு தொடைமேல் அமர்ந்துகொள்ளும். வி வடிவத்தில் அந்த வளைவு இல்லாததால் அது வழுக்கும். ஒரு காலை இரு தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். சில வடிவங்களில் தலைப்பக்கம் கனத்துக் கழுத்து கீழே சாயும். அதைத் தாங்கிப் பிடிப்பதிலேயே இடக்கை களைத்துவிடும்.

சம்மணமிட்டு அமர்வதே கர்நாடக இசை மேடையின் முறை. ஆகவே விசித்திர வடிவக் கிதார்கள் இங்கே வராமல் போனதில் வியப்பில்லை. மின் கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னாவும் இடுப்பு வளைவுள்ள வழக்கமான வடிவத்தையே கையாள்கிறார். அயல் கருவியை இந்த மேடை ஏற்கும் விதமே தனி. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வந்த வயலினின் வடிவத்தை யாரும் மாற்றவில்லை. அதன் தலையைக் கணுக்கால்மேல் ஊன்றிப் பிடிக்கும் முறையைத்தான் மாற்றினார்கள். அலங்காரத்தின்மேல் நமக்கு வெறுப்பு ஏதுமில்லை. வீணையின் யாளி முகம் ஒலிக்கு ஒன்றும் செய்வதில்லை; ஆனாலும் அது இல்லாத வீணையை மனம் ஒப்புவதில்லை.

இங்கே கருவியின் அமைப்பை மாற்றவைத்தது கமகம். ஜான் மெக்லாலின் இதற்கு நல்ல சான்று. 1970களின் தொடக்கத்தில் அவர் இரட்டைக் கழுத்துக் கிதாருடன் நின்று வாசித்தவர். ஒரு கழுத்தில் 6 தந்திகள், மற்றொன்றில் 12. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற பின், எல். சங்கர், ஜாகிர் உசேன், டி. எச். விநாயகராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் தரையில் அமர்ந்தார். அப்போது அவருக்காகச் செய்யப்பட்ட கிதாரில் ஒலித்துளைக்குக் குறுக்காக 7 சுருதித் தந்திகள் இருந்தன. மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரமும் குழிவாகச் செதுக்கப்பட்டது. வீணையில் போலவே தந்தியை அழுத்தி இழுக்க இடம் கிடைத்தது.

இதைவிடக் கடினமான சிக்கல் உப்பலபு ஸ்ரீநிவாஸ் முன் இருந்தது. 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லில் பிறந்த அவர், ஆறு வயதில் தந்தையின் மாண்டலினைக் கையில் எடுத்தவர். குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்லர். அவர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடுவான். வாய்ப்பாட்டின் வளைவுகளைத் தேடிய இடம் எவ்வளவு குறுகியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கிதாரில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 65 செ.மீ.; மாண்டலினில் சுமார் 35 செ.மீ. கிதாரில் முதல் மெட்டின் இடைவெளி சுமார் 3.6 செ.மீ.; மாண்டலினில் 2 செ.மீ.கூட இல்லை. தந்தி குட்டையாக இருப்பதால் இழுப்பு இம்மி பிசகினாலும் சுரம் மாறிவிடும். போதாக்குறைக்கு, மாண்டலினின் 8 தந்திகள் நான்கு இணைகளாக அமைந்தவை. இணையை இழுத்தால் இரண்டும் ஒத்து நகர்வது அரிது. ஒலியும் மீட்டிய உடனே தேய்ந்துவிடும்.

இணைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கினார். மின் மாண்டலினைக் கைக்கொண்டார். ஒலி நீண்டு நின்றது, கமகத்துக்கு அவகாசம் கிடைத்தது. கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தியும் சேர்ந்தது. 1981இல் சென்னை மேடைக்கு அவர் வந்தபோது, இந்தச் சின்னக் கருவி ராக ஆலாபனையைத் தாங்குமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. கண்ணை மூடிக் கேட்டவர்களுக்கு அந்த ஐயம் நிலைக்கவில்லை. 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னாளில் மெக்லாலினுடன் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவிலும் வாசித்தார். 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் மறைந்தபோது அவருக்கு வயது 45.

பார்வைக்கும் விசித்திரமான ஒரு கருவி இந்த வட்டாரத்திலிருந்து பிறந்ததுண்டு. எல். சங்கர் வடிவமைக்க, கிதார் செய்வதில் பெயர்பெற்ற கென் பார்க்கர் 1980 வாக்கில் உருவாக்கிய இரட்டைக் கழுத்து மின் வயலின் அது. இரு கழுத்துகளிலும் சேர்த்து 10 தந்திகள். டபுள் பாஸ் முதல் வயலின் வரையிலான ஸ்தாயிகள் ஒருவர் கையிலேயே அடங்கின. மேடையில் அதைப் பார்ப்பவர் முதலில் திகைப்பார். அந்த இரண்டாவது கழுத்து வேடிக்கைக்காக அல்ல, மந்திர ஸ்தாயிக்காக இருப்பது வாசிப்பைக் கேட்கும்போது விளங்கும்.

ஸ்ரீநிவாஸிடம் பயின்ற அவர் தம்பி யு. ராஜேஷ் மின் மாண்டலின் வாசிப்பைத் தொடர்ந்து வருகிறார்.