சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்பு கோர்ட்டில் செல்லுமா? ஏஐ காலத்தில் வக்கீல்கள் எங்கே மாறணும்? - முழு விளக்கம்

வழக்கு மனு எழுதணுமா, பழைய தீர்ப்பைத் தேடணுமா, நூறு பக்க ஆவணத்தைச் சுருக்கணுமா? எல்லாத்தையும் ஏஐ சில நொடிகளில் செய்து கொடுக்குது. உலகம் முழுக்க வழக்கறிஞர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஏஐ கொடுத்ததை அப்படியே தாக்கல் செய்து, நீதிபதி முன்பு தலைகுனிந்து நின்ற வக்கீல்களும் உண்டு. அப்படியென்றால் இந்தத் தொழில் எப்படி மாற வேண்டும்? வழக்கு நடத்தும் சாமானியருக்கு இதில் என்ன ஆபத்து? பார்க்கலாம்.

நியூயார்க்கில் என்ன நடந்தது?

விமானத்தில் உணவு கொண்டுவரும் உலோகத் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துவிட்டதாக ஒரு பயணி, அவியான்கா விமான நிறுவனத்தின் மீது வழக்கு போட்டார். அவருடைய வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் பல முன்தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. நீதிமன்றமும் தேடியது, கிடைக்கவில்லை. காரணம், அப்படி ஒரு தீர்ப்பே கிடையாது. எல்லாம் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கியவை.

இதில் கவனிக்க வேண்டியது, அதைத் தயாரித்த வக்கீல் அனுபவமில்லாதவர் அல்ல. 30 ஆண்டுகளுக்கு மேல் தொழிலில் இருந்தவர். 'இந்த வழக்கு உண்மையானதுதானா?' என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். அதுவும் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கிறது. 2023 ஜூன் மாதம் நீதிபதி கெவின் கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 2025 ஜூன் மாதம் அங்குள்ள உயர் நீதிமன்றம் விசாரித்த ஒரு விவகாரத்தில், மனுவில் இருந்த 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் உலகத்திலேயே இல்லாதவை. இப்படிச் செய்தால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரை போகலாம் என்று நீதிபதிகள் எச்சரித்தார்கள்.

ஏஐ ஏன் இப்படிப் புளுகுது?

சாட்ஜிபிடி மாதிரியான செயலிகள் அடிப்படையில் தகவல் பெட்டகம் கிடையாது. ஒரு வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுபவை. தீர்ப்பு மேற்கோளுக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. இன்னார் எதிர் இன்னார், ஆண்டு, தொகுதி, பக்கம். இந்த வடிவத்தை ஏஐ சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் இல்லாத தீர்ப்பும் அச்சு அசலாக உண்மையான தீர்ப்பு போலவே இருக்கும். படிக்கும்போது சந்தேகமே வராது என்பதுதான் பிரச்சினையே.

இந்தியாவில் நிலைமை என்ன?

இல்லாத தீர்ப்பு ஓர் உத்தரவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கேயே உதாரணம் இருக்கிறது. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த ஓர் உத்தரவில், நடக்காத வழக்குகளின் தீர்ப்புகள் இடம்பெற்றிருந்தன. விஷயம் தெரிந்ததும் சில நாட்களிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டிலேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. ஏஐ தரும் பதிலை வைத்து நீதிமன்றத்தில் சட்டப் பிரச்சினையையோ உண்மையையோ முடிவு செய்ய முடியாது, ஆரம்பகட்ட ஆய்வுக்கு வேண்டுமானால் உதவலாம் என்பது அதன் நிலைப்பாடு. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், மாவட்ட நீதித்துறைக்கு ஏஐ பயன்பாட்டுக் கொள்கையே வெளியிட்டது. தீர்ப்பு எழுதவோ முடிவெடுக்கவோ ஏஐ கூடாது, அது செய்யும் மொழிபெயர்ப்பையும் மனிதர் சரிபார்க்க வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை.

அப்போ ஏஐயே வேண்டாமா?

அப்படிச் சொல்லவும் முடியாது. நாட்டில் நிலுவையில் இருக்கும் வழக்குகள் 5 கோடிக்கும் மேல். வாய்தா மேல வாய்தா வாங்கி அலையும் மக்களுக்கு வேகம் தேவை. உச்ச நீதிமன்றமே 2019ஆம் ஆண்டில் தீர்ப்புகளை மொழிபெயர்க்க 'சுவாஸ்' என்ற ஏஐ மென்பொருளை அறிமுகப்படுத்தியது. இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அரசு 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. கொரோனா காலத்தில் பரவலான காணொலி விசாரணையும், இ-ஃபைலிங்கும் இனி பின்னால் போகப் போவதில்லை.

ஆக, கருவியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது கேள்வி இல்லை. மனுவில் கையெழுத்து போடுவது யார் என்பதுதான் கேள்வி. கையெழுத்து வக்கீலுடையது என்றால், அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு அவருடையது. தேடித் தருவதற்காகக் கட்டணம் வாங்கிய காலம் போய், சரிபார்த்து, பொறுப்பேற்பதற்காகக் கட்டணம் வாங்கும் காலம் வந்திருக்கிறது.

வக்கீல்கள் எதில் மாறணும்?

1. மூலத்தைத் திறந்து படிக்கணும்: ஏஐ ஒரு தீர்ப்பைச் சொன்னால், அதை ஏஐயிடமே 'உண்மையா?' என்று கேட்பது வீண் வேலை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 ஜனவரி முதல் 'இ-எஸ்சிஆர்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தீர்ப்பு இருக்கிறதா என்பது மட்டும் போதாது, மேற்கோள் காட்டும் வரி அதில் இருக்கிறதா என்றும் பார்க்கணும்.

2. புதிய சட்டம், பழைய சட்டம் இரண்டும் தெரியணும்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்பது இப்போது 103. ஊருக்கே தெரிந்த 420, இப்போது 318(4). ஆனால் அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவுதான். இந்த இடத்தில் ஏஐ குழம்பலாம், வக்கீல் குழம்பக் கூடாது.

3. டிஜிட்டல் ஆதாரம் கையாளத் தெரியணும்: வாட்ஸ்அப் சாட், சிசிடிவி காட்சி, ஆடியோ பதிவு இல்லாத வழக்கு இப்போது குறைவு. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி இவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் பதிவின் 'ஹாஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

4. கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கணும்: கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. விவாகரத்து மனுவையோ மருத்துவ அறிக்கையையோ பெயருடன் இலவசச் செயலியில் பதிவேற்றினால், அந்தத் தகவல் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடுகிறது. பிறகு அதைத் திரும்ப வாங்குவது நடக்கிற காரியம் இல்லை.

5. ஜூனியர்களுக்கு வேலையைக் கற்றுத் தரணும்: தீர்ப்பு தேடியும், மனு எழுதியும்தான் ஜூனியர்கள் தொழில் கற்கிறார்கள். அதை ஏஐ செய்துவிட்டால் அடுத்த தலைமுறை எப்படிக் கற்கும்? ஏஐ எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுப்பது ஒரு வழி. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் (சென்னை, மதுரை, கோவை), மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்லியிருக்கிறது. 'அதான் ஏஐ இருக்கே, ஜூனியர் எதுக்கு?' என்ற பேச்சு இந்த நேரத்தில் எழுந்தால், அடிபடுவது முதல் தலைமுறை வழக்கறிஞர்கள்தான்.

வழக்கு நடத்துபவர் என்ன செய்யலாம்?

மனுவில் தவறு இருந்தால் வக்கீலுக்கு அபராதத்தோடு போய்விடலாம். ஆனால் நிலமோ, ஜாமீனோ, ஜீவனாம்சமோ, இழப்பு கட்சிக்காரருக்குத்தான். அதனால் இதையெல்லாம் கவனியுங்கள்:

- மனுவைத் தாக்கல் செய்யும் முன் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். ஏஐ பயன்படுத்தினீர்களா, சரிபார்த்தீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.
- ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண் உண்டு. அதை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்க்கலாம்.
- வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற இலவச எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவியைக் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.
- வக்கீலின் தொழில்முறை நடத்தையில் தவறு இருந்தால், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கண்டிப்பதில் தொடங்கி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது வரை அதற்கு அதிகாரம் உண்டு.
- வக்கீலே இல்லாமல் ஏஐயிடம் கேட்டு நோட்டீஸுக்குப் பதில் அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். தவறாகப் போனால் அங்கே பொறுப்பேற்க ஆளே இருக்காது.

கடைசியாக...

ஏஐ வக்கீல் வேலையைப் பறித்துவிடுமா என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. தேடுவது, சுருக்குவது, முதல் வரைவு எழுதுவது எல்லாம் இயந்திரத்துக்குப் போகலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்லாமல் விட்டதைக் கேட்டு வாங்குவதும், நீதிபதி கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்வதும் வக்கீலிடமே இருக்கும். சாட்ஜிபிடிக்கு வக்காலத்து போட முடியாது. தப்பு நடந்தால் அதை யாரும் கூண்டில் ஏற்றவும் முடியாது.