சூதாட்ட உரிமமும் உள்ளாட்சி மன்றங்களும்: இங்கிலாந்து

இங்கிலாந்தில் பந்தயக் கடை, பிங்கோ கூடம், சூதாட்ட இயந்திர நிலையம் ஆகியவற்றுக்கு இட உரிமம் வழங்கும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களுடையது. நடத்தும் நிறுவனங்களுக்குத் தனியாகச் சூதாட்ட ஆணையம் உரிமம் அளிக்கிறது.

தொடக்கம்

1906-ஆம் ஆண்டுச் சட்டம் தெருப் பந்தயத்தைத் தடைசெய்தது. ஆனாலும் தெருமுனைகளிலும் மதுக்கடைகளிலும் குதிரைப் பந்தயச் சீட்டும் பணமும் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. இதை ஒழுங்குக்குள் கொண்டுவர 1960-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1961 மே மாதம் பந்தயக் கடைகள் சட்டப்படி திறக்கப்பட்டன. அப்போது உரிமம் வழங்கியவர்கள் மாஜிஸ்திரேட்டுகள். ஒரு பகுதியில் ஏற்கெனவே போதிய கடைகள் இருந்தால் விண்ணப்பத்தை அவர்கள் மறுக்க முடிந்தது. ஆட்கள் கடையிலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தொலைக்காட்சியும் சிற்றுண்டியும் 1986 வரை அனுமதிக்கப்படவில்லை.

2005-ஆம் ஆண்டுச் சட்டம்

2007 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சூதாட்டச் சட்டம் அதிகாரத்தை மன்றங்களுக்கு மாற்றியது. மன்றம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் உரிமக் கொள்கையை வெளியிட வேண்டும். குற்றத்தைத் தடுத்தல், ஆட்டம் நேர்மையாக நடத்தல், சிறுவரையும் எளிதில் பாதிக்கப்படுவோரையும் காத்தல் ஆகிய மூன்றும் உரிமத்தின் நோக்கங்கள். ஆனால் அதே சட்டத்தின் 153-ஆம் பிரிவு, இந்நோக்கங்களுக்கு இசைந்த விண்ணப்பத்தை அனுமதிக்கவே மன்றம் முனைய வேண்டும் என்கிறது. ‘இங்கே போதுமான கடைகள் உள்ளன’ என்ற காரணம் இனிச் செல்லாது. உள்ளூரில் இருந்த முக்கியத் தடுப்பு இவ்வாறு பறிபோனது.

நியூஹாம் அனுபவம்

ஒரு கடையில் நான்கு பந்தய இயந்திரங்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் நிறுவனங்கள் ஒரே தெருவில் கூடுதல் கடைகளைத் திறந்தன. இவ்வியந்திரங்களில் அப்போது 20 விநாடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை கட்ட முடிந்தது; அதாவது நிமிடத்துக்கு 300 பவுண்டு. கிழக்கு லண்டனின் நியூஹாமில் 80-க்கும் மேற்பட்ட கடைகள் பெருகின. தமிழர் பெருமளவில் வாழும் ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மட்டும் 18 கடைகள் இருந்தன. வருமானம் குறைந்த குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. குற்றங்களைச் சுட்டிக்காட்டி மன்றம் 2013-இல் ஒரு விண்ணப்பத்தை மறுத்தது. நிறுவனம் மேல்முறையீட்டில் வென்றது. அடுத்த ஆண்டு நியூஹாம் தலைமையில் 93 மன்றங்கள், ஒருமுறை கட்டும் உச்சத் தொகையை 2 பவுண்டாகக் குறைக்கக் கோரின. அரசு 2015-இல் அதை நிராகரித்தது.

பின்னைய மாற்றங்கள்

மூடப்பட்ட வங்கியின் இடத்தில் முன்பு தனியாக நகரத் திட்டமிடல் அனுமதி பெறாமலேயே பந்தயக் கடை திறக்க முடிந்தது. 2015 ஏப்ரலில் இவ்வழி அடைபட்டது. 2 பவுண்டு வரம்பை அரசு 2018-இல் ஏற்றாலும், நடைமுறைப்படுத்தத் தாமதம் செய்தது. அதை எதிர்த்து அமைச்சர் டிரேசி கிரௌச் பதவி விலகினார். 2019 ஏப்ரல் 1 முதல் வரம்பு அமலானது. அதன்பின் நூற்றுக்கணக்கான கடைகள் மூடப்பட்டன.

மதிப்பீடு

ஒரே பகுதியில் கடைகள் குவிவதைக் கணக்கில் எடுக்க மன்றங்களுக்கு அதிகாரம் தரலாம் என அரசின் 2023-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை முன்மொழிந்தது. ஆனால் கைப்பேசிவழிச் சூதாட்டம் மன்றங்களின் எல்லைக்கே அப்பாற்பட்டது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் உரிமம் வழங்கும் பொறுப்பு வெறும் எழுத்தர் வேலையாகிவிடும் என்பதே நியூஹாம் தரும் பாடம். குடியிருப்போரைக் காத்தது உரிம அதிகாரம் அன்று; மன்றங்கள் ஒன்றுசேர்ந்து கேட்டு, இறுதியில் நாடு முழுவதற்கும் பொருந்தும்படி வந்த 2 பவுண்டு வரம்பே.