ஒலி ஒப்புமையும் உறவும்

1982ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்ட ஓர் இசைத்தட்டில், பத்து இந்துஸ்தானி இராகங்கள் டிஸ்கோ தாளத்தில் மின்னணுக் கருவிகளைக் கொண்டே இசைக்கப்பட்டிருந்தன. இசைத்தவர் சரண்ஜித் சிங். இந்தித் திரையிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்த பம்பாய்க் கலைஞர். தட்டு விற்கவில்லை.

டச்சுச் சேகரிப்பாளர் ஒருவர் பழைய தட்டாகக் கண்டெடுத்து 2010இல் மறுபதிப்புச் செய்தபோது, ஐரோப்பா திகைத்தது. 1988 முதல் பிரிட்டனின் கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் இளைஞரை விடியவிடிய ஆடவைத்த 'ஆசிட் ஹவுஸ்' இசையைப் போலவே இது ஒலித்தது. ரேவ் காலத்தில் உருவான ஏபெக்ஸ் ட்வின் வேடிக்கையாகச் செய்த போலி என்றுகூட ஐயம் உலவியது. தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது பத்தோ பதினொன்றோதான்!

ஒப்புமைக்குக் காரணம் கருவி. பேஸ் கிட்டார்க் கலைஞர் இல்லாத குறையைத் தீர்க்க ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் உருவாக்கிய டிபி-303 அத்தொழிலில் தோற்றது. 1984இல் உற்பத்தி நின்றது. மலிவாகக் கைமாறிய அதனை வாங்கிய சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர், குமிழ்களைத் திருகித் திருகிச் சுரத்தின் நிறத்தையே குழைத்தனர். 1987இல் வெளியான அவர்களது 'ஆசிட் டிராக்ஸ்' அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனை அடைந்தது.

சரண்ஜித் சிங்குக்கு வேண்டியிருந்தது வேறு. அக்கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. இந்துஸ்தானியில் மீண்ட் என்றும், கர்நாடக இசையில் ஜாரு என்றும் வழங்குவதற்கு அது நெருக்கமானது. பூபாளியும் மால்கவுன்சும், அதாவது ஏறத்தாழ நம் மோகனமும் இந்தோளமும், அவர் கையில் இராகங்களாகவே நின்றன. ஹவுஸ் என்ற சொல்லே இசைவகைப் பெயராக அப்போது வழங்கவில்லை.

ஆயினும் 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர்' என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. பாராட்டுப்போல் தோன்றினும் இது பறிப்பே: ஓர் இந்திய ஆக்கத்தைப் பிறர் வரலாற்றின் முன்னுரையாகச் சுருக்கிவிடுகிறது. 'ஒன்று' என்பதும் ஆங்கில 'ஒன்' என்பதும் ஒலியில் நெருங்குவதால் உறவுடையன ஆகா. சிகாகோ இளைஞர் இத்தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை.

முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் இதே இராகங்களை வாசித்த சரண்ஜித் சிங், 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.